மானிட்டரில் ஒட்டிய பொட்டு

ஆய்வக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் இந்நேரம் பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். கவலைப்படாதீர்கள், நம் தொழிலில் அது உண்டு. எனக்கு வைத்த பெயர் ‘தொடாதே மிஸ்’. கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாக நான் சேர்ந்த முதல் பருவத்திலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வுபெறும் நாளில் என்னைப் பாராட்டிப் பேச வந்த மாணவிகூட வாய்தவறி அதைத்தான் முதலில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

இந்த வேலையில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தராத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினிகள் ஒழுங்காக ஓடும் நாளில் இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஓடாத நாளில் பள்ளிக்கூடம் முழுக்க உங்கள் பெயரைத்தான் கூப்பிடும். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வைரஸைவிட அதற்குத்தான் அதிகம் பழக வேண்டியிருந்தது.

நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். அப்போது மவுஸுக்கு அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். பையன்கள் அதைக் கழற்றிக்கொண்டு போய்க் கோலி விளையாடுவார்கள். கீபோர்டில் எழுத்துகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகிவிட்டு, எவனாவது தப்பாக அடிக்கிறானா என்று பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கிளாவரை என்ற மலைக்கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். மானிட்டரின் பின்பக்கம் கதகதப்பாக இருக்கிறதென்று மழையில் நனைந்த சாக்ஸை அதன்மேல் காயப்போட்டுவிட்டான். காற்றுப் போகும் துளையெல்லாம் அடைத்து, உள்ளேயிருந்து புகை வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. “குளுருது மிஸ்” என்றான். அந்தக் குளிரில் அவனை என்னவென்று திட்டுவது?

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது ஸ்டிக்கர். பபிள்கம்மோடு வரும் கிரிக்கெட்காரர்கள், பூக்கள், புலி, பேய் என்று மானிட்டர் ஓரமெல்லாம் ஒட்டி வைப்பார்கள். பிய்த்தால் பாதி வரும், பாதி பிசினாக நிற்கும். அதில் தூசி படிந்து கறுத்துவிடும். நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து, கொஞ்சம் ஊறவிட்டுச் சுரண்டினால் சுத்தமாக வந்துவிடும். சனிக்கிழமைதோறும் எனக்கு அதுதான் வேலை. ஆய்வகத்துக்குள் நுழைந்தால் சளி பிடித்தவர் வீடு மாதிரி வாசம் அடிக்கும் என்று ஆசிரியர்கள் கேலி செய்வார்கள்.

அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஊரில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் வினாத்தாள் அடித்து பிளாப்பியில் கொண்டுவருவார்கள். வினாத்தாளோடு வைரஸும் வரும். நான் அதை வாங்கி, தனியாக வைத்திருந்த ஒரு கணினியில் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவேன். “என் பிளாப்பிய நம்ப மாட்டீங்களா மிஸ்?” என்று முகம் சுருங்கும். நம்பிக்கைக்கும் பிளாப்பிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஸ்டாஃப் ரூமுக்குள் நான் போனால் பேச்சு நின்றுவிடும். நாளடைவில் ஆய்வகத்து வாசல்படியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளப் பழகினேன். எதிரே மூடுபனி ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சோறு சீக்கிரம் ஆறிவிடும்.

கதவுக்கு உள்பக்கம் என் கையால் மூன்று விதிகள் எழுதி ஒட்டியிருந்தேன். தண்ணீரும் தின்பண்டமும் கூடாது. எதையும் எதிலும் ஒட்டக் கூடாது. சந்தேகமாக எது வந்தாலும் முதலில் கேபிளைப் பிடுங்கு, பிறகு மிஸ்ஸைக் கூப்பிடு. மூன்றாவதைத் தீயணைப்புப் பயிற்சி மாதிரி பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருந்தேன். அந்த மூன்றாவது விதியை நானே மீறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன்.

பெண்கள் விடுதியில் மேட்ரனாக இருந்தவர் செல்வராணி. நான் ராணியக்கா என்பேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கல்யாணமான கையோடு புருஷன் வீட்டாருடன் கப்பலேறி வந்தவர். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, யார் இந்த நாடு, யார் அந்த நாடு என்று பிரித்தபோது அவர் இந்தப் பக்கம் விழுந்தார். அவருடைய அம்மாவும் அண்ணனும் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். இங்கே வந்து இந்த மலையில் மரம் வெட்டும் கூலி வேலை. புருஷன் இறந்த பிறகு விடுதி வேலைக்கு வந்தார். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கப்பலேறிய நாளுக்குப் பிறகு அம்மாவை அவர் பார்க்கவே இல்லை.

காலாண்டு விடுமுறைக்குப் பள்ளி காலியாகிவிடும். விடுதியில் அவரும் குவார்ட்டர்ஸில் நானும்தான் மிச்சம். எனக்குப் பாலசமுத்திரத்தில் வீடு இருந்தது. அப்பா அம்மா போன பிறகு அது தம்பி குடும்பத்தின் வீடாகிவிட்டது. போனால் அன்பாகத்தான் கவனிப்பார்கள். ஆனால் இரண்டாம் நாள் காலையில், “எப்பக்கா கெளம்புறே? பஸ்ஸுக்கு நேரம் பாக்கணும்ல” என்று தம்பி கேட்பான். அவன் தப்பாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பிறகு போகத் தோன்றவில்லை.

அப்படி ஒரு விடுமுறையில்தான் ராணியக்கா என் வாசல்படிக்கு வந்து நின்றார்.

“மிஸ், கம்ப்யூட்டர்ல ஆளு மூஞ்சியப் பாத்துப் பேசலாமாமே, நெசமா?”

“பேசலாம்க்கா. யாரப் பாக்கணும்?”

“எங்கம்மாவ.”

“போன்ல பேசுறீங்கள்ல?”

“அதுக்குக் காது செத்துப்போச்சு மிஸ். போனக் காதுல வச்சா, யாரு யாருன்னு அண்ணன் மூஞ்சியவே பாக்குமாம். நான் கத்துறது எனக்குத்தான் கேக்குது. அண்ணன் மகன் அட்டன் டவுன்ல ஒரு கொமினிகேஷன்ல வேல செய்றான். ஞாயித்துக்கெழம அம்மாவ வேன்ல படுக்க வச்சுக் கொண்டாறாங்களாம். அது கெடக்குற கெடைக்கு இன்னொரு தடவ தூக்கியார ஏலாதுன்னுட்டாங்க. ஒரே ஒரு தடவதான் மிஸ்.”

அட்டன் அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஊர். போன் பேசுகிற கடையை அங்கே கொமினிகேஷன் என்பார்களாம். தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான். “பேசட்டும் மிஸ், பாவம். ஆனா சிஸ்டத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்க பொறுப்புங்க” என்றார். பொறுப்பு எப்போது என்னுடையதாக இல்லாமல் இருந்தது?

நன்கொடையாக வந்த வெப்கேம் ஒன்று பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. அதைச் சோதித்துப் பார்க்க மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் ஆய்வகத்திலேயே இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றின்முன் உட்கார்ந்து “ஹலோ, கேக்குதா?” என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் மற்றதில் கேட்டுப் பார்த்தேன். கேட்டது. ஆளில்லாத அறையில் என் குரலை நானே கேட்டபோது மனசு என்னவோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ராணியக்கா வெளிர்நீலத்தில் புதுச்சேலை கட்டி, தலை வாரி, சீக்கிரமே வந்துவிட்டார். கதவருகே தயங்கி நின்றார்.

“மிஸ், ஒங்ககிட்ட ஒட்டுப்பொட்டு இருக்கா?”

என் கைப்பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கும். அரக்கு நிறத்தில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். அணைந்திருந்த மானிட்டர் கண்ணாடியில் முகம் பார்த்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“அவரு போனத அம்மாக்கிட்டச் சொல்லவே இல்ல மிஸ். அண்ணன்தான் வேணாம்னுச்சு. வயசான காலத்துல எதுக்குன்னு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன்.

அந்தப் பள்ளியில் இணையம் உள்ள கணினி அது ஒன்றுதான். அதற்குப் பின்னாலிருந்து இரண்டு வயர்கள் போகும். ஒன்று போன் லைனுக்கு. இன்னொன்று சுவரைத் துளைத்து, அலுவலகம் உட்பட மற்ற கணினிகளுக்கு. பிள்ளைகள் காலில் சிக்கக் கூடாதென்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றி மேசைக்கு அடியில் கட்டி வைத்திருந்தேன். அலுவலகத்தில் குமாஸ்தா அன்று லீவிலும் வந்து காலாண்டு மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் உலகம் முழுக்க ஒரு கணினிப் புழு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு பிளாப்பியும் வேண்டாம், இமெயிலும் வேண்டாம். கணினி இணையத்தில் சேர்ந்திருந்தாலே போதும், வந்துவிடும். அதற்கான தடுப்பை இறக்க அந்த வாரம் முழுக்க முயன்றேன். எங்கள் போன் லைனின் வேகத்தில் அது ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுந்தது. கொஞ்ச நேரம்தானே பேசப் போகிறார்கள் என்று இணைப்பைப் போட்டேன்.

மறுமுனை கிடைத்தது. படம் ஓடாது, நின்று நின்று வரும். முதலில் ஒரு தோள். பிறகு ஒரு பையனின் சிரித்த முகம். பிறகு கம்பளியில் சுற்றி நாற்காலியில் சாய்த்து வைத்த ஒரு சிறிய உருவம். “அம்மா” என்றார் ராணியக்கா. சத்தமே வரவில்லை, வாய்தான் அசைந்தது. அந்த அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அவர் காதருகே குனிந்து எதையோ கத்தினான். அவர் மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. கணினி ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும் என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன. திரையில் அத்தனை இடம் இருக்க, அது சரியாக அந்த அம்மாவின் முகத்தின்மேல் வந்து உட்கார்ந்தது.

“என்னா மிஸ் இது, அம்மா மூஞ்சிய மறைக்குது?”

என்னவென்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புழு உள்ளே வந்துவிட்டது. என் கை தானாகவே மேசைக்கு அடியில் போய் வயர்களைப் பிடித்தது. பிள்ளைகளுக்குப் பழக்கியது எனக்கும் பழகியிருந்தது. இழுத்தால் முடிந்தது. பள்ளி பிழைக்கும், மதிப்பெண்கள் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும். ராணியக்கா அந்தப் பெட்டியைத் தூசி என்று நினைத்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கு என்று நான் எழுதி வைத்தது எதற்காக? ஒன்றுக்கு வந்தது மற்றதுக்குப் போகாமல் இருக்க. அப்படியானால் பிடுங்க வேண்டியது மற்ற கணினிகளுக்குப் போகும் ஒரு வயர்தான். ஆனால் முதலில் வினாடிகளை நிறுத்தியாக வேண்டும். ராணியக்காவை ஒதுக்கிவிட்டு கீபோர்டைப் பிடித்தேன். அணைவதை நிறுத்தச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. குளிரில் விரல் விறைத்து முதல் தடவை தப்பாக அடித்தேன். அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். பெட்டி மறைந்தது. நல்லவேளை, கணினியை என் பயனர் கணக்கில் திறந்திருந்தேன். மாணவர் கணக்கில் பிள்ளைகள் சேட்டை செய்வார்களென்று அந்தக் கட்டளையையும் நானே பூட்டி வைத்திருந்தேன்.

அடுத்தது வயர். மேசைக்கு அடியில் புகுந்தேன். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே தூசி, என் கையாலேயே இறுகச் சுற்றிய டேப். மாற்றி இழுத்தால் அந்த அம்மா போய்விடுவார். மறுபடி போன் போட்டு இணைப்புக் கிடைப்பதற்குள் அவரை வேனில் ஏற்றிவிடுவார்கள். பார்த்தால் தெரியாதென்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். போன் லைனின் மூக்கு ஒடுங்கலாக இருக்கும், மற்றது அகலமாக இருக்கும். அகலமானதை அழுத்தி இழுத்தேன். மேலே ராணியக்காவின் பேச்சு நிற்கவில்லை. இணைப்பு அறுபடவில்லை.

நான் மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது அந்த அம்மா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அந்த மங்கல் படத்திலும் தெரிந்தது. ஒரு விரலைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

“மூக்குத்தி எங்கன்னு கேக்குது மிஸ்” என்றார் ராணியக்கா என்னிடம். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விற்றது அது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு மைக்கில் கத்தினார். “தம்பி, திருகாணி கழண்டுருச்சு, செய்யக் குடுத்திருக்குன்னு அப்பாயிட்டச் சொல்லு. அவுகதான் வாங்கிட்டு வரப் போயிருக்காகன்னு சொல்லு.”

பையன் காதில் சொன்னான். அந்த அம்மா தலையாட்டினார். அடுத்த படத்தில் அவருடைய இரண்டு கைகளும் திரையை நோக்கி நீண்டிருந்தன. அதற்கடுத்த படத்தில் அந்தக் கைகள் அவருடைய நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் இருந்தன. மகளுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கிறார். ராணியக்கா ஓவென்று அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. என்னைப் பார்த்து யாரும் நெட்டி முறித்து ரொம்ப நாளாகிவிட்டது என்பதும் அந்த நேரத்தில்தான் மனசில் பட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா களைத்துச் சாய்ந்துவிட்டார். அவர்கள் பக்கம் படம் நின்றது. நான் போன் வயரையும் பிடுங்கிக் கணினியை அணைத்தேன். கறுத்த கண்ணாடியில் ராணியக்காவின் முகம் தெரிந்தது. வீட்டில் கண்ணாடி முன் எல்லாரும் செய்வதுதான், நெற்றிப் பொட்டை நகத்தால் எடுத்து அந்த மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருங்க மிஸ், பால் விடாம பிளேன்டீ போட்டுட்டு வாறேன்” என்று எழுந்து போனார். எதையும் எதிலும் ஒட்டக் கூடாது என்ற அறிவிப்பைத் தாண்டித்தான் போனார். அவர் கவனிக்கவில்லை.

விடுமுறையின் மிச்சத்தை நான் ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்ப்பதில் கழித்தேன். வயரைப் பிடுங்குவதற்குள் புழு தாண்டியிருக்கலாம் அல்லவா? தாண்டவில்லை. அந்த ஒன்றை மட்டும் முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். “தெரிஞ்சுக்கிட்டே லைன்ல விட்டுருக்கீங்க” என்றார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்காத ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் போன் லைன் வழியாக அந்தப் புழு வேறு யாருடைய கதவையோ தட்டியிருக்கும். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து துடைத்திருப்பாள். எனவே என்னைப் பார்த்து விதியை மீறலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்ததை நீங்கள் செய்தால் திட்டுவேன். ஒரு விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். நெருக்கடியில் எந்த வயரை இழுப்பது, எதை விடுவது என்று அதுதான் சொல்லும். அப்படி விட்டதற்கு விலை உண்டென்றால் அதையும் நீங்களே கொடுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மா போய்விட்டார். செய்தி போனில் வந்தது. ராணியக்கா பிறகும் சில வருடம் இருந்தார். மாலையில் இரண்டு டம்ளர் பிளேன்டீயோடு வருவார். உள்ளே கொண்டுவரக் கூடாதென்று வாசல்படியிலேயே உட்கார்ந்துகொள்வார், நான் வெளியே வருவேன். அதிகம் பேச மாட்டோம். பிறகு மகள் வந்து திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். நான் படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடும் பழைய பழக்கத்துக்குத் திரும்பினேன். முன்பு பழகியதுதான், ஆனால் இரண்டாவது தடவை பழகுவது கஷ்டமாக இருந்தது.

பொட்டு அங்கேயே இருந்தது. சனிக்கிழமைகளில் தைலப் பஞ்சு அந்த மானிட்டரின் மற்ற மூன்று ஓரங்களுக்கும் போகும், அந்த ஓரத்துக்குப் போகாது. ஒருநாள் ஒரு சின்னப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

“மிஸ், நாங்க ஒட்டுனா மட்டும் சொரண்டுறீங்க. இது யாரு ஒட்டுனது?”

“அது கம்பெனிலயே ஒட்டி வந்துச்சு. தொடாதே” என்றேன். நம்பிவிட்டாள்.

கொஞ்ச வருடத்தில் தட்டையான மானிட்டர்கள் வந்தன. பழையதையெல்லாம் எடைக்குப் போட லாரி வந்து நின்றது. நான் தைலப் பாட்டிலும் பஞ்சுமாக அந்த மானிட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் நின்றது பிய்ந்துவிடாமல் வர வேண்டுமே என்று பயமாக இருந்தது. பிள்ளைகள் ஒட்டியதையெல்லாம் ஊற வைத்து ஊற வைத்துச் சுரண்டியவள் நான். இதற்குத் தைலமே தேவைப்படவில்லை. நகம் பட்டதும் உள்ளங்கையில் விழுந்துவிட்டது. பிசின் எப்போதோ காய்ந்து போயிருக்கிறது. இத்தனை நாளும் அது சும்மாதான் அங்கே நின்றிருக்கிறது, யாரும் தொடாததால்.